பிரிவியூக்குப் போன கமிட்டி

“நாடகத்த முதல்ல நம்ம போய் பாக்கணும். பாக்காம புக் பண்ணுற பேச்சே கெடையாது” என்றார் செயலாளர் ஞானையன்.

சர்ச் சபை ஆண்டு விழாவுக்கு நாடகம் பேசும் கூட்டம். கமிட்டியில் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் ஆண்கள். மிச்சம் இருப்பது தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஜெஸ்மி.

“பிரிவியூக்குப் போவண்டாம் அண்ணா” என்றாள் அவள். “விழாவுக்கு மேடையில ஏறும்போ எல்லாருக்க கூடயும் இருந்து பாப்போம்.”

“கல்யாணக் கறிய பந்திக்கு முன்னாடி ஒருத்தன் ருசி பாக்கண்டாமா? உப்பு இல்லேன்னா சொல்லணும்லா?”

“உப்பு போட்டுட்டு வந்தா பரவாயில்ல. நீங்க துண்ட எல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு வெறும் சாறையில்லா விட்டுட்டு வாறிய!”

அவள் சொன்னதில் பொய்யில்லை. சீசன் தொடங்கும் முன்னால் நாடகக் குழுக்கள் விழாக் கமிட்டிகளைக் கூப்பிட்டு ஒரு தடவை நடித்துக் காட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். பிடிக்காத இடம் இருந்தால் சொல்லலாம். ஞானையன் சொல்லாமல் திரும்பிய சரித்திரம் கிடையாது. போன வருடம் மகன் அப்பனை எதிர்த்துக் கேட்கும் காட்சியை, மரியாதைக் குறைவு என்று எடுக்க வைத்தார். விழா அன்றைக்குக் கடைசிக் காட்சியில் அந்த அப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எதற்கு அழுகிறான் என்று சபையில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

இந்த வருடத்து நாடகத்தை எழுதி இயக்குகிற லிபின் பாறசாலைக்காரன். நாடகத்தைக் கமிட்டிக்குக் கொண்டுவந்ததே ஜெஸ்மிதான். அதில் ஒரு விதவை, சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பாள். “தூத்து வார நாங்க வேணும், அசன விருந்துக்கு ஆக்கிப்போட நாங்க வேணும். முடிவு எடுக்க மட்டும் வேண்டாமா?” அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஜெஸ்மிக்கு இந்த நாடகம் வேண்டியிருந்தது. அதை ஞானையன் கண்ணில் படாமல் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓட்டெடுத்தார்கள். போக வேண்டும் என்று பத்து. வேண்டாம் என்று ஒன்று.

அடுத்த வாரம் ஒரு ஜீப் பிடித்து நெய்யாற்றங்கரைக்கு ஆறு பேர் போனார்கள். ஜெஸ்மியும் ஏறிக்கொண்டாள்.

“வேண்டாம்னு சொன்ன ஆளும் வருதே” என்றார் பொருளாளர் தங்கப்பன்.

வாடகை மண்டபம். பிளாஸ்டிக் நாற்காலி, சாயா, பழம்பொரி. முதல் வரிசையில் ஞானையன் டைரியும் பேனாவுமாக உட்கார்ந்தார், பரீட்சை ஹாலுக்கு வந்த மேற்பார்வையாளர் மாதிரி.

நாடகம் நன்றாகத்தான் போனது. விதவை கேள்வி கேட்டாள். ஞானையன் டைரியில் எதையோ அழுத்தி எழுதினார். கொஞ்ச நேரத்தில் சர்ச் மணியடிக்கிற ஆள் முழுக் குடியில் வந்து, மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குத்தாட்டம் போட்டுவிட்டுப் போனான்.

முடிந்ததும் ஞானையன் டைரியைத் திறந்தார். “அந்தப் பொம்பள எழும்பி நிண்ணு கேக்குதாளே, அந்த சீன்...”

“அது கெடக்கட்டு அண்ணா!” ஜெஸ்மி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “ஒரு குடியன் பள்ளி மணியில தொங்கி ஆடுதான். அதப் பாத்துட்டு சும்மா இருக்கப் போறியளா? நாளைக்கு பிஷப்புக்கு நீங்களாக்கும் பதில் சொல்லணும்!”

ஞானையனுக்கு முகம் சிவந்துவிட்டது. “எலே லிபினே! அந்தக் குடியன எடுக்கணும்.”

லிபின் ஓடிவந்தான். “சாரே, அதாக்கும் நாடகத்துக்க உயிரு.”

“அப்போ உயிர எடு!”

அரை மணி நேரம் இழுபறி. லிபின் கெஞ்சினான், கையெடுத்துக் கும்பிட்டான், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

“இனி அந்தப் பொம்பளைக்க கேள்வி...” என்று தங்கப்பன் நினைவூட்டினார்.

“அதையும் எடுத்தா எனக்க நாடகமே இல்ல சாரே” என்றான் லிபின், கும்பிட்ட கையை இறக்காமல்.

ஞானையனுக்கு மனம் இளகியது. “போட்டும். ஒண்ணு வெட்டினது போதும். நம்ம ஒண்ணும் கலைக்கு விரோதி இல்ல.” அங்கேயே விழாத் தேதியைச் சொல்லி உறுதி செய்தார்.

ஜீப்பில் திரும்பும்போது அவருக்கு ஒரே சந்தோஷம். “இப்பம் மனசிலாச்சா ஜெஸ்மி, பிரிவியூ எதுக்குன்னு?”

“மனசிலாச்சு அண்ணா.”

“பாத்தியளா, பெண்ணு நம்ம கட்சிக்கு வந்தாச்சு” என்று தங்கப்பன் சிரித்தார். ஜெஸ்மி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கமிட்டியில் நிலைக்க வேண்டுமானால் ஒரு பெண் இப்படித்தான் மாற வேண்டும்போல என்று டிரைவர்கூட நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்து அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. லிபின்.

“அக்கா, நீங்க போன வாரம் சொன்னபடியே ஒரு குடியன புதுசா எழுதிச் சேத்தேன். சாரு அவனையே புடிச்சுக்கிட்டாரு. பொம்பளைக்க கேள்வி தப்பிச்சு! இனி அவன ஒரேயடியா எடுத்துரட்டா?”

“அடுத்து ஆரு பாக்க வாறாவ?”

“காட்டாக்கடையில இருந்து ஒரு கமிட்டி.”

“அப்போ அவசரப்படாத மக்கா. அங்கயும் ஒரு செயலாளர் உண்டும்லா?”