மூன்றாவது படி

குழாயை நாமே சரிசெய்யச் சொல்லித்தரும் அவருடைய இணையதளத்துக்குத் தினமும் ஆயிரம் பேர் வந்தார்கள். வந்தவர்கள் அதிலிருந்த விளம்பரத்தைத் தட்டினால்தான் அவருக்குக் காசு. தட்டினார்கள், வீட்டு வாடகையே அதில்தான் ஓடியது.

அன்று அவர் வீட்டுக் குழாயே ஒழுகியது.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறீங்க. நம்ம வீட்டையும் கொஞ்சம் கவனிங்களேன்" என்றாள் மனைவி.

முதல்முறையாக ஸ்பேனரைப் பிடித்து, தான் எழுதியபடியே செய்தார். மூன்றாவது படியில் தண்ணீர் கூரைவரை பீய்ச்சியடித்தது. மனைவி அவசரமாக ஃபோனில் எதையோ தட்டி, பிளம்பரை வரவழைத்தாள்.

"மெயின் வால்வை மூடாம கழட்டிட்டீங்களா? மூணாவது படிதானே சார்? வாரம் பத்து வீட்ல இதே கூத்து" என்றார் வந்தவர்.

"ஐயையோ! எழுதினதே நான்தாங்க. இப்பவே திருத்திடுறேன்."

பிளம்பர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"கெடுத்திடாதீங்க சார்! அதுல இருக்கிற விளம்பரமே என்னோடதுதான்."