கூலிங் பீர்

மதுக்கடை வரிசையில் பேச்சித்தாய் வந்து நின்றதும் ஆண்களின் பேச்சு நின்றுபோனது. பத்து வருடங்களுக்கு முன்பு, இந்தக் கடையை மூடச் சொல்லி ஊர்ப் பெண்களோடு வாசலில் மூன்று நாள் மறியல் செய்தவள் அவள். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் முன்னால் நின்றவரைத் தாண்டிக் கம்பிக்குள் கையை நீட்டி, "ஒரு பீரு குடுங்க" என்றாள். கடைக்காரர் எது வேண்டும் என்று கேட்டார். அவளுக்குப் பெயர் எதுவும் தெரியவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு ஈரல் போயிட்டு. இனி கேக்கறதக் குடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நாலு நாளா இதத்தான் கேக்காரு."

முன்னால் நின்றவர் விலகி வழிவிட்டார். பின்னாலிருந்து ஒருவர், "ஸ்ட்ராங் வேண்டாம்ணே, லைட்டா இருக்கதக் குடுங்க. நல்ல கூலிங்கா" என்றார். இன்னொருவர் தன் துண்டை நனைத்துப் பாட்டிலில் சுற்றிக் கொடுத்தார். "வெயில்ல சூடாயிரும்க்கா. வெரசாப் போங்க."

வீட்டில் கணவனின் தலையை மடியில் தூக்கி வைத்து, ஒரு கரண்டி ஊற்றினாள். இசக்கிமுத்து அதை வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்து மெல்ல விழுங்கினார்.

"கசக்கு" என்றார். "இந்தக் கசப்புக்காகவா ஒன்ன அந்தப் பாடு படுத்தினேன்?"

அவள் முந்தானையால் அவர் உதட்டு நுரையைத் துடைத்தாள்.

"இன்னும் ஒரு வாய் தரட்டா?"

அவர் அவளையே பார்த்தபடி வாயைத் திறந்தார்.