பூஜ்யத்தில் விழுந்த விடை

"யார் யாரைப் பாத்து எழுதினீங்க?"

ரொமினா டீச்சர் இரண்டு பேருடைய நிரலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள்.

வகுப்பு என்றால் பிள்ளைகள் இல்லை. பைசாந்து ஊர்க் கம்பளி மில் மூடியதில் வேலை போனவர்கள். எல்லாரும் ஐம்பதைத் தொட்டவர்கள். கம்ப்யூட்டர் படித்தாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள்.

டீச்சருக்குத்தான் வயசு கம்மி. வேலையும் தற்காலிகம். அடுத்த வருஷம் அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்க, டைரக்டர் பெதான்கோர் அன்றைக்குக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்.

தேர்வில் கேட்டது ஃபேக்டோரியல். ஐந்து என்று கொடுத்தால், ஒன்றிலிருந்து ஐந்து வரை பெருக்கி நூற்றிருபது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பழகிய லூப்பைப் போட்டுத் தப்பித்துவிட்டார்கள். புதிதாகப் படித்த லாம்டா என்ற குறுக்குவழியை நம்பி ஒரே வரியில் எழுதியது நீல்டாவும் வால்டெமாரும்தான்.

"ஐந்து கொடுத்தா சரியா வருது. பூஜ்யம் கொடுப்போமா?"

கொடுத்தாள். இரண்டு நிரலும் சிவப்பு எழுத்தைக் கக்கிவிட்டு நின்றுபோயின.

"பூஜ்யம்னா பெருக்குறதுக்கு ஒரு எண்ணும் கிடையாது. அதனால கையில முதல்ல ஒண்ணை வெச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். ரெண்டு பேருமே அந்த ஒண்ணை விட்டுட்டீங்க. அச்சு அசலா ஒரே வரி, ஒரே ஓட்டை. இதை நான் நம்பணுமா?"

"டீச்சர், அது வந்து..." நீல்டா எழுந்தாள்.

"நீ உக்காரு நீல்டா." வால்டெமார் எழுந்துவிட்டார். "நான்தான் இவளைப் பாத்து எழுதினேன்."

"இந்த வயசுல காப்பியா? வெக்கமா இல்ல?" பின்னாலிருந்து ஒரு குரல்.

ரொமினாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் டைரக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே!

"விதி தெரியும்ல? காப்பி அடிச்சா படிப்பு இன்னியோட சரி. சான்றிதழும் கிடையாது, அதை வெச்சுக் கிடைக்கிற வேலையும் கிடையாது."

"தெரியும் டீச்சர்."

வால்டெமார் தன் மாத்தே டீ பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். நீல்டாவும் அவர் பின்னாலேயே ஓடினாள்.

டைரக்டர் எழுந்து வந்தார். "இப்படிக் கண்டிப்பான ஆள்தான் நமக்கு வேணும். அடுத்த வருஷமும் நீயே இரும்மா."

ரொமினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் நீல்டா அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க ஏன் அழறீங்க? உங்களை நான் ஒண்ணும் சொல்லலையே."

"அவன் என்னைப் பாத்து எழுதவே இல்ல டீச்சர். நானும் அவனைப் பாக்கல."

"அப்புறம் எப்படி ரெண்டு பேருக்கும் அதே தப்பு?"

"போன வியாழக்கிழமை நீங்க போர்டுல எழுதிக் காட்டினதே அந்த வரிதான். அதுலயும் அந்த ஒண்ணு இல்ல. நாங்க அப்படியே மனப்பாடம் பண்ணிட்டோம்."

"இதை... இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் எழுந்தேன். விட்டானா? இப்பக்கூட வாசல்ல பிடிச்சு நிறுத்திக் கேட்டேன். 'வேலை போனா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும், அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்'னு சொல்லிட்டுப் போயிட்டான்."