சத்தமில்லாத தெரு

மராய்கா நடுத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சைக்கிளில் வந்த ஒரு பெண் வளைந்து ஒதுங்கி, என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"பத்து நிமிஷம் ஆச்சா?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"ஆறுதான் ஆகுது. நில்லு," என்றான் அவள் கணவன் யெல்மர்.

வேண்டுதலும் இல்லை, பைத்தியமும் இல்லை. மராய்கா ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். பகலில்தான் தூங்கியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் அவர்கள் இருக்கும் வாடகை வீடோ டிராம் கிறீச்சிட்டுத் திரும்புகிற முனையில் இருந்தது. மூன்று வருடமாக அவள் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்கியதில்லை. போன மாதம் ஒரு நோயாளியின் கட்டில் வரைக்கும் வேறு மருந்தைக் கொண்டுபோய்விட்டு, வீட்டுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அன்றிலிருந்து இந்த அலைச்சல். பக்கத்து ஊரான அல்மேரேயில் எந்தப் பேட்டையில் வீடு வாங்கலாம் என்று ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறார்கள். ஏரிக்கரைப் பக்கம் ராப்பகலாகக் காற்று ஊளையிட்டது, கடைவீதிப் பக்கம் சரக்கு லாரி, பள்ளிக்கூடத்துப் பக்கம் கேட்கவே வேண்டாம். இது பதினேழாவது தெரு. தண்டவாள வேலை என்று இன்றைக்கு ரயிலையும் நிறுத்திவிட்டதால், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இருவருக்கும் கால் கழன்றுவிட்டது.

"ஒரு சத்தமும் இல்லடா," என்று கண்ணைத் திறந்தாள் மராய்கா. "ஆனா பின்னாடியே ரயில் மேடு இருக்கே."

"அதான் எனக்கும் இடிக்குது. இன்னிக்கு ரயில் இல்ல, சரி. மத்த நாள்ல எப்படியோ? யாரையாவது கேட்டுப் பாப்போம்."

ஆளைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு நரைத்த மீசைக்காரர் ஒருவர் எதிரே வந்தார்.

"ரயிலா?" என்று சிரித்தார். "தெருக்கோடி வீட்டுல இருபது வருஷமா இருக்கேன், தம்பி. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. மத்தியானம் படுத்தா எம்பொண்டாட்டி கொறட்டைதான் கேக்கும்."

மராய்கா வாய்விட்டுச் சிரித்தாள். யெல்மர் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அதற்குள் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு, அவர்கள் பார்க்க வந்த வீட்டுக்குள்ளேயே ஓடியது. சமையலறை மேஜைக்கடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

"பாத்தியா, நாய்க்கே வீடு பிடிச்சுப் போச்சு!" என்றாள் மராய்கா.

வீட்டுக்காரர் கெர்பிராண்ட் அறுபதைத் தாண்டியவர். தரகர் வைக்காமல் வீட்டைத் தானே விற்கிறார். நாயை அவர் விரட்டவில்லை. அதன் பின்னாலேயே ஓடிவந்த மீசைக்காரரையும் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்.

"நீங்க அந்தக் கோடி வீடுதானே? பேரு... வீபாவா? பாத்தா கையை ஆட்டுறதோட சரி, உக்காந்து பேசினதில்ல," என்றார்.

ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடிவிடுகிற நாட்டில், கெர்பிராண்ட் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தார். வீடும் பளிச்சென்று இருந்தது. சுவரில் ஒரு குடும்பப் படம்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்.

மாடி அறையில் மராய்கா வெறுந்தரையில் படுத்தே பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் தூங்கியும் போனாள். அவளை எழுப்ப யெல்மருக்கு மனசே வரவில்லை.

அவள் தானே விழித்து, இருவரும் கீழே வந்ததும் கெர்பிராண்ட் தொண்டையைச் செருமினார். "அவசரப்படுத்துறேன்னு நெனைக்காதீங்க. அஞ்சு மணிக்கு இன்னொரு ஜோடி வருது. நீங்க இப்பவே எழுதிக் குடுத்தா, அவங்கள வர வேணாம்னு சொல்லிடுவேன்."

"கையெழுத்துப் போட்டுடலாம்டா," என்று மராய்கா அவன் காதோரம் சொன்னாள். "எனக்குத் தூங்கணும். இன்னொரு தெருவுல போய் நிக்க என்னால ஆகாது."

அவனாலும் ஆகாதுதான். "சரி, போட்டுடு. நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

அந்த நாட்டில் எல்லா வீட்டையும் போல அங்கேயும் கழிவறைக் கதவின் உட்பக்கம் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. சொந்தபந்தம் ஒருத்தர் விடாமல் அதில் இருப்பார்கள். ஒரு தடவை எழுதி மாட்டினால் ஆயுசுக்கும் அதுதான். இந்த வீட்டில் பிள்ளைகள் சின்ன வயதில் எழுதியிருக்க வேண்டும், எழுத்தெல்லாம் கோணல்மாணல். உட்கார்ந்த இடத்தில் படிக்க வேறென்ன இருக்கிறது? யெல்மரும் படித்தான். அப்புறம் இன்னொரு தடவை படித்தான்.

அவன் வெளியே வந்தபோது காகிதம் மேஜைமேல் விரிந்திருந்தது. மராய்காவின் கையில் பேனா. கண்ணெல்லாம் சிவந்து, ஆனால் சந்தோஷமாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

பேனாவை அவள் விரல்களிலிருந்து மெல்ல வாங்கி மூடினான். பிறகு கெர்பிராண்டின் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினான்.

"உங்க பிள்ளைங்களோட வீபா சித்தப்பாவுக்கு நேத்துப் பிறந்தநாளாமே, வாழ்த்துகள்!"