உள்ளே அறுபடும் சத்தம்

குளிர்கால மதியம். வெளிறிய வெயில் ஆராய்ச்சி நிலையத்து மரத்தின் பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது. மரத்தின் உள்சத்தத்தைக் கேட்கத் தண்டில் ஒட்டியிருக்கும் கருவியின் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவள் நிற்கிறாள். மகளை அடக்கம் செய்த பிறகு இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். டிபன் டப்பாவோடு வந்த கணவனிடம் ஒரு பக்கத்தைக் கழற்றி நீட்டுகிறாள். ஒயர் குட்டை, இருவரும் தலையோடு தலை ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது. டக்.

“என்ன சத்தம் இது?”

“மரத்துக்குள்ள குழாய்ல தண்ணி நூல் மாதிரி ஏறும். அதுல ஒரு நூல் அறுந்துபோச்சு. அந்தக் குழாய் இனிமே அவ்வளவுதான்.”

அவன் அண்ணாந்து பார்க்கிறான். ஓர் இலைகூட வாடவில்லை. “வெளிய ஒண்ணுமே தெரியலையே.”

“தெரியாது. குளிரும் வறட்சியும் தாங்கணும்னுதான் குழாயெல்லாம் தலைமுடிய விட மெல்லிசா, ஆயிரக்கணக்குல வச்சிருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கிக்கும்.” பாடம் நடத்துகிற அதே பழைய குரல்.

அவன் டப்பாவை இன்னொரு கைக்கு மாற்றுகிறான்.

“நமக்கு ஒண்ணே ஒண்ணுதானே இருந்துச்சு.”

டக். அவள் திரும்பி அவனைப் பார்க்கிறாள். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.