பச்சைப் புள்ளி

“ரிமோட்டைக் கையால தொடவே இல்லைன்னா, இது தானா எவ்வளவு நேரம் ஓடும்?”

கடைக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கணவன் சிரித்துவிட்டான். “பட்டன் அமுக்கக்கூட சோம்பேறித்தனம்! பாத்துக்கங்க மேடம், இவளோடதான் பத்து வருஷமா குடும்பம் நடத்துறேன்.”

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற விற்பனைக்காரப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு சாமான்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று விரல் நீளக் குச்சி. மற்றது சோப்பு டப்பா அளவுப் பெட்டி. எதை டிவியில் செருகினாலும் உலகத்துப் படமெல்லாம் கூடத்துக்கு வந்துவிடும்.

“குச்சின்னா மூணு மணி நேரம். அப்புறம் ‘இன்னும் பார்க்கிறீர்களா’ன்னு கேட்டுட்டு நின்னுடும். அதை மாத்த முடியாது. பாக்ஸ்னா நேரத்தை நாமளே வச்சுக்கலாம். எட்டு மணி நேரம் வரைக்கும் போகும்.”

அவள் கைப்பையை மேசைமேல் வைத்து, கணவனுக்குத் தெரியாமல் அதன் மறைவில் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். மூன்று போதாது. எட்டு போதும்.

அவனுக்குப் படமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். அவனுக்கு வேண்டியது புள்ளி.

கிடங்கில் மேற்பார்வை வேலை அவனுக்கு. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவான். வீட்டு டிவியில் இந்த மாதிரிக் கருவி ஓடினால் அவன் கைபேசியில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். நின்றால் சிவப்பு. பச்சை என்றால் அவள் வீட்டில் இருக்கிறாள். சிவப்பு என்றால் இரண்டாவது நிமிடம் அழைப்பு வரும்.

எங்கே போனாய் என்பான். துணி காயப்போட மாடிக்குப் போனேன் என்றால், வீடியோவில் துணியைக் காட்டு என்பான். காட்டியிருக்கிறாள். ஒருநாள் தலையெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறைச் சுவரைக்கூடக் காட்டியிருக்கிறாள். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அக்கா ஒருத்திதான் சிரிக்கமாட்டாள்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் அக்கா வீடு. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து நான்கு வருடம். அக்கா பேச்சை எடுத்தாலே வீட்டில் ஏதாவது ஒன்று உடையும். போன மாதம் உடைந்தது அவளுடைய சுண்டுவிரல். எலும்பு கூடிவிட்டது. மடங்க மட்டும் மாட்டேன் என்கிறது.

போன வாரம் பழைய கருவி மண்டையைப் போட்டது. புள்ளி போனதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் வந்து நின்றான். அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்திருக்கிறான்.

அவளுக்குப் பெட்டி வேண்டும். வேண்டும் என்று சொன்னால் வராது. பத்து வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரே சாமர்த்தியம் அதுதான். அவள் ஆசைப்பட்ட எதுவும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. வேண்டாம் என்றதெல்லாம் வந்தது. சோபா அப்படித்தான் வந்தது. ஊதா நிறத் திரைச்சீலையும் அப்படித்தான்.

“குச்சியே போதுங்க. பாக்ஸ் எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு? அதுக்கு வேற தினம் தூசி தட்டணும்.”

குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

“தூசி தட்டறதை விட்டா உனக்கு வேற என்ன வேலை?” என்றான் அவன். “மேடம், பாக்ஸே குடுங்க.”

“போன்ல புள்ளி காட்டும்ல?” என்று மறக்காமல் கேட்டுக்கொண்டான்.

“காட்டும் சார். பில்லு அந்தக் கோடிக் கவுன்ட்டர்ல. நீங்க போட்டுட்டு வாங்க, அதுக்குள்ள நான் ஒருதரம் ஓட்டிப் பாத்து வைக்கிறேன்.”

அவன் போனான். போகும்போதே இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கடை டிவியில் செருகினார். பட்டியல் ஒன்று விரிந்தது. நேரத்தைக் குறிக்கும் கட்டத்தில் மூன்று என்று இருந்தது. திரையைப் பார்த்தபடியே, உதடு அசைவது தெரியாமல் கேட்டார்.

“எத்தனை மணி நேரம் வேணும்?”

சோம்பேறி என்று சொல்லிச் சமாளிக்கலாம். சீரியல் பைத்தியம் என்றும் சொல்லலாம். நிமிர்ந்தபோது அந்தப் பெண்மணியின் பார்வை அவளுடைய சுண்டுவிரல்மேல் இருந்தது.

கோடிக் கவுன்ட்டரில் அவனுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒருவர்தான் பாக்கி.

“ஏழு,” என்றாள்.

நான்கு, ஐந்து, ஆறு என்று எண் ஏறியது. ஏழு வந்தது. பெண்மணியின் விரல் அங்கே நிற்கவில்லை.

“எட்டா வச்சுடறேன்மா. பஸ்ஸு சில நாள் லேட்டாகும்.”