பூவாளியின் வளர்ப்பு

மாடித் தோட்டத்தில் தகரப் பூவாளிக்கு இருந்த மிடுக்கு வேறு யாருக்கும் இல்லை. அது குனிந்தால்தானே தக்காளியும் வெண்டையும் நிமிரும்! ஓம வாசத்தோடு தைம் என்ற குட்டிச் செடி புதிதாக வந்ததும், அதையும் வளர்த்துக் காட்டப் பூவாளி புறப்பட்டது. காலையும் மாலையும் தொட்டி நிரம்பத் தண்ணீர் ஊற்றியது.

"அண்ணே, எனக்கு வெயில் போதும். மண்ணு காய்ஞ்சப்புறம் கொஞ்சமா ஊத்துங்க," என்றது தைம்.

"கூச்சப்படாதேம்மா. நான் எத்தனை பேரை ஆளாக்கியிருக்கேன்!"

தைமின் இலைகள் மஞ்சளாயின. பூவாளி, செடிகளின் நுனியைக் கிள்ளிவிடும் கத்தரிக்கோலின்மேல் பாய்ந்தது. "நீ நுனியை வெட்டுறதாலதான் பிள்ளை இப்படி இளைச்சுப்போச்சு!" என்று திட்டிவிட்டு, இன்னும் அதிகமாக ஊற்றியது. வேர் அழுகத் தொடங்கியது.

நல்ல வேளை, பூவாளியின் அடியில் ஓட்டை விழுந்தது. பற்றவைக்கக் கொண்டுபோனவர்கள் அதைச் சில மாதம் கடையிலேயே மறந்துவிட்டார்கள். தக்காளிக்கும் வெண்டைக்கும் குழாய்த் தண்ணீர் வந்தது. மூலையில் இருந்த தைமுக்கு எப்போதாவது விழுந்த தூறல்தான். கத்தரிக்கோல் வெட்ட வெட்ட, அது பக்கமெல்லாம் கிளைத்தது.

பூவாளி திரும்பி வந்தபோது தைம் தொட்டியை மூடிப் படர்ந்திருந்தது. வாசம் படிக்கட்டு வரை வந்தது. பூவாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா கத்தரிக்கோலு! அன்னிக்கு நான் ஊத்தின தண்ணி இப்பத்தான் வேலை செய்யுது. என் வளர்ப்புன்னா சும்மாவா!" என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு, ததும்பத் ததும்ப நெருங்கியது.

தைம் மெல்லக் கத்தரிக்கோலின் பக்கம் சாய்ந்தது.

"அக்கா, அண்ணனுக்கு அடியில பத்தவச்ச இடம் தெரியுதுல்ல? உங்க முனையால அங்க ஒரே ஒரு குத்து..."